நாட்காட்டிச் செயலியும் இரண்டு உலகங்களின் காதலும்: நான்கு ஆண்டு அனுபவம்

என் கைப்பேசியில் உள்ள நாட்காட்டிச் செயலியை நான்கு ஆண்டுகளாக நாள் தவறாமல் பயன்படுத்தி வருகிறேன். ஏறத்தாழ அதே காலமாக, இணையத்தில் வாரந்தோறும் வெளிவரும் இணை உலகக் காதல் தொடர் ஒன்றையும் விடாமல் படித்து வருகிறேன். இரண்டையும் சேர்த்து எழுதக் காரணம் உண்டு. அந்தக் கதையின் நாட்களை இந்தச் செயலியில் குறிக்கத் தொடங்கிய பிறகுதான் கதையின் பலமும் பலவீனமும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. செயலியின் அருமையும் அப்போதுதான் முழுதாக விளங்கியது.

முதலில் செயலியைப் பற்றிச் சொல்கிறேன். நாட்காட்டிச் செயலியிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: சொன்ன நேரத்தில் சொன்னதை நினைவூட்ட வேண்டும். முதல் ஆண்டில் அதுவே நடக்கவில்லை. காலை எட்டு மணிக்கு வரவேண்டிய மருந்து நினைவூட்டல், கைப்பேசியைக் கையில் எடுத்த பிறகே, எட்டே முக்காலுக்கு வந்தது. செயலியில்தான் பிழை என்று எண்ணி அதை நீக்கும் அளவுக்குப் போய்விட்டேன். உண்மையில் தடையாக இருந்தது பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் கைப்பேசி தன் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போட்டுச் சேர்த்துச் செய்கிறது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், துல்லியமான நேரத்தில் ஒலிக்க விரும்பும் செயலிக்குத் தனி அனுமதியும் தேவைப்படுகிறது. அமைப்புகளில் 'அலாரங்கள் & நினைவூட்டல்கள்' என்ற இடத்தில் அனுமதி கொடுத்து, பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்தும் விலக்கு அளித்த பிறகு, இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு நினைவூட்டலும் தாமதமாகவில்லை. புதிதாக நிறுவுபவர்கள் முதல் நாளிலேயே இதைச் செய்துவிட வேண்டும்.

இரண்டாவது சிக்கல் மாதக் கடைசி. ஜனவரி 31 அன்று, ஒவ்வொரு மாதமும் திரும்ப வரும்படி ஒரு கட்டணத்தைக் குறித்து வைத்தேன். பிப்ரவரியில் அது வரவே இல்லை. 31 ஆம் தேதி ஆண்டுக்கு ஏழு மாதங்களில்தான் உண்டு என்பதால், மற்ற ஐந்து மாதங்களைச் செயலி சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறது. இது விதியை ஒட்டிய செயல்தான். நாட்காட்டிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஐகேலண்டர் என்ற பொது வடிவம் 1998-இல் வகுக்கப்பட்டு 2009-இல் திருத்தப்பட்டது. மாதத்தில் இல்லாத தேதியை விட்டுவிட வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. ஆனால் 'மாதத்தின் கடைசி நாள்' என்று குறிக்கவும் அதே வடிவத்தில் வழி இருக்கிறது. அந்த வழியைப் பயன்படுத்துபவரின் கண்ணில் படும்படி வைக்காதது இந்தச் செயலியின் குறை என்றே கருதுகிறேன்.

நேர மண்டல வசதியை நான் மனதாரப் பாராட்டுவேன். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் நாட்டில் என் அக்கா வசிக்கிறாள். ஞாயிறுதோறும் நாங்கள் பேசும் நேரம், கடிகாரம் மாறும் வாரங்களில் எப்போதும் குழம்பும். 'நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்' என்று ஒருமுறை அவள் சொன்னபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அந்தப் பதிவைத் திறந்து, நேரத்திற்குக் கீழே இருந்த நேர மண்டலத்தை அவளுடைய ஊருக்கு மாற்றினேன். அதன்பின் அவளுடைய மாலை ஆறு மணி எப்போதும் ஆறு மணியாகவே இருக்கிறது. என் பக்கத்து நேரத்தைச் செயலியே நகர்த்திக்கொள்கிறது.

கதைக்கு வருகிறேன். நாயகி நம் உலகத்தவள். நாயகன் வேறோர் உலகத்தவன். அங்கே ஒரு நாள் கழிந்தால் இங்கே பன்னிரண்டு நாட்கள் கழிந்துவிடும். இந்தக் கற்பனை நமக்குப் புதிதன்று. மகள் ரேவதிக்கு வரன் கேட்கப் பிரம்மலோகம் சென்ற ககுத்மி மன்னன், சற்று நேரம் காத்திருந்த அவகாசத்தில் பூமியில் 27 சதுர்யுகங்கள் கடந்துவிட்டதாகப் புராணம் சொல்கிறது. தொடரின் அழகு, இந்தக் கணக்கைக் காதலின் விலையாக ஆக்கியதில் இருக்கிறது. 'இன்னும் ஒரு நாழிகை இரு' என்று அவன் கேட்கும் காட்சியை என்னால் மறக்க முடியாது. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்த நேரத்தில் இங்கே கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஓடிவிடும். படுக்கையில் இருக்கும் அவளுடைய அப்பா ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகக் காத்திருப்பார். அவள் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்த மௌனத்தை எழுதிய கை தேர்ந்த கை.

அவளுடைய பயணங்களைச் செயலியில் தனி நாட்காட்டியாக, ஊதா நிறத்தில் குறித்து வந்தேன். தேவைப்படாதபோது ஒரே தொடுதலில் மறைத்துவிடலாம் என்பதால் என் அன்றாடப் பதிவுகளோடு அது கலக்கவில்லை. பல நாள் நிகழ்வுகள் மாதப் பார்வையில் நீண்ட பட்டையாகத் தெரிவது மிகவும் உதவியது. இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை நாட்கள் என்று எண்ணிச் சொல்லும் வசதி மட்டும் இல்லை. ஒவ்வொரு முறையும் கையால்தான் எண்ணினேன். அப்படி எண்ணும்போது பிழை ஒன்று அகப்பட்டது. நாயகி அங்கே ஒன்பது நாட்கள் தங்குகிறாள். அப்படியானால் இங்கே 108 நாட்கள் கழிந்திருக்க வேண்டும். அவள் திரும்பும் அத்தியாயமோ மூன்று வாரங்கள் என்கிறது. அப்பாவின் உடல்நிலையும் அந்த மூன்று வாரக் கணக்குக்கு ஏற்பவே எழுதப்பட்டிருக்கிறது. அவளுடைய குற்றவுணர்வை நம்பி உடன் வருந்திய எனக்கு அந்த இடம் ஏமாற்றமாக இருந்தது. மாயம் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். அதன் கணக்கு மாறினால், அவள் இழந்தவற்றுக்கும் எடை இல்லாமல் போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் அந்த ஊதாப் பட்டைகளைப் பார்த்தபோதுதான் எழுந்தது. ஏன் எப்போதும் அவளே போகிறாள்? அவன் இங்கே வந்து ஒரு மாதம் தங்கினாலும் அவனுடைய உலகில் இரண்டரை நாட்கள்தான் கழியும். அவனுக்கு இழப்பு மிகச் சிறிது. அவளுக்கோ ஒவ்வொரு பயணமும் ஒரு பருவம். இத்தனை அத்தியாயங்களில் இருவரில் ஒருவர்கூட இதைப் பேசாதது கதையின் பெருங்குறை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்ற மாதம் வெளிவந்த அத்தியாயத்தில் அவளே அதைக் கேட்டாள். அவன் தலைகுனிந்து, தனக்குத் தோன்றவே இல்லை என்றான். அடுத்த அத்தியாயத்தில் வாசலில் வந்து நின்றான்.

அவனுக்காகப் பச்சை நிறத்தில் இன்னொரு நாட்காட்டி தொடங்கியிருக்கிறேன். கதைப்படி அவன் வந்து பதினேழு நாட்கள் ஆகின்றன. அவனுடைய உலகில் இன்னும் ஒன்றரை நாள்கூட ஆகவில்லை.