ட்ரெல்லோ: நாலு பட்டியலுக்கு மேல் போகாதவரை நல்லது

மதுரை அண்ணா நகரில் மாடுலர் கிச்சன், கப்போர்டு வேலை எடுத்துச் செய்கிறோம், மொத்தம் ஏழு பேர். போன வருடம் ஒரு பெரிய ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாப்ட்வேருக்குச் சந்தா கட்டினேன் (பெயர் வேண்டாம்). கான்ட் சார்ட் (வேலைகளைத் தேதிவாரியாகக் கோடு போட்டுக் காட்டும் படம்), எந்த வேலை முடிந்தால் எது தொடங்கும், யார் எத்தனை மணி நேரம், எல்லாம் உண்டு, ராத்திரி கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அதை நிரப்புவதே தனி வேலையாகிவிட்டது. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் பாதிப் பேர் லீவு. திட்டத்தில் ஒரு தேதி தள்ளிப்போக, பின்னால் வரிசையாக அத்தனையும் சிவப்பு. அதோடு விட்டேன்.

இப்போது ட்ரெல்லோ, வேலைகளைக் கார்டுகளாக எழுதி ஒரு பட்டியலிலிருந்து அடுத்ததற்கு நகர்த்துகிற ஆப். இலவசக் கணக்கு. அளவு, வெட்டு, பிட்டிங், பணம் பாக்கி என்று நாலு பட்டியல். ஒரு வீட்டுக்கு ஒரு கார்டு, எல்லாம் தமிழிலேயே. அளவெடுத்த நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து கார்டிலேயே போட்டுவிடலாம். எங்கள் மூத்த ஆசாரிக்கு விரல் முழுக்க மரத்தூளும் பெவிகாலும், போன் திரை விரலுக்கு மசியாது, நடுவிரலை மடக்கி முட்டியால் கார்டைத் தள்ளிவிட்டு, "தம்பி, இது நாம செவுத்துல சாக்பீஸ்ல எழுதுறதுதானே" என்றார். அதேதான்!

இந்த முறைக்கு வேர் டொயோட்டா கார் கம்பெனியின் கான்பன் என்கிற அட்டை முறை. அடுத்த கட்டத்தில் இருப்பவர் கேட்டு அட்டை வந்தால்தான் முந்தைய கட்டத்தில் பொருள் செய்வார்கள், தேவைக்கு மேல் குவியாது. அதைப் பார்த்து 'வெட்டு' பட்டியலில் மூன்று கார்டுக்கு மேல் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம், பட்டறையில் பாதி அறுத்த ப்ளைவுட் சாய்ந்து கிடப்பது குறைந்திருக்கிறது. நடுவில் ஆசைப்பட்டு லேபிள் நிறம், பதினொரு பட்டியல் என்று நானே பெருக்கினேன், ஒரே வாரத்தில் எல்லோரும் பழையபடி போனில் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். ஆப் மேல் தப்பில்லை, கை அரிப்பு என்னுடையது.

இலவசத்தில் பத்து போர்டுதான் (போர்டு என்றால் பட்டியல்கள் எல்லாம் இருக்கும் பலகை), காலண்டர், டைம்லைன் வேண்டுமென்றால் காசு. எங்களுக்கு ஒரே போர்டு, அதனால் கவலையில்லை. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். திருமங்கலம் வீட்டுக் கார்டு இரண்டு மாதமாக 'பணம் பாக்கி'யிலேயே கிடக்கிறது, அதற்கு நேரில்தான் போகவேண்டும்.