ரேடியோ டெலிடைப்புடன் நான்கு ஆண்டுகள்: டர்பனிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கட்டிய டைபோல் ஆண்டெனா கம்பி, அலையை அனுப்பவும் பெறவும் உதவும் 100 வாட் டிரான்சீவர், பழைய மடிக்கணினி ஆகியவற்றைக் கொண்டு, நான்கு ஆண்டுகளாக, தட்டும் எழுத்துகளை இரு தொனிகளாக மாற்றி வானொலி அலையில் அனுப்பும் ரேடியோ டெலிடைப் முறையில் உலகத்துடன் தொடர்பு கொண்டு வருகிறேன். ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலியாளர்கள், இதைச் சுருக்கமாக 'ரிட்டி' என்பார்கள். உரிமம் பெற்ற புதிதில், கணினியே குறுஞ்செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் எஃப்டி8 முறையில்தான் தொடங்கினேன். அதில் தொடர்பு கிடைத்ததே தவிர உரையாடல் கிடைக்கவில்லை. அந்தக் குறையே என்னை இதன் பக்கம் இழுத்தது.

மக்கோட்டோ மோரி என்ற ஜப்பானிய அமெச்சூர் எழுதிய 'எம்எம்டிடிஒய்' மென்பொருளை நிறுவி, 21.080 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே திருப்பியதும், இரட்டைத் தொனியில் கிணுகிணுக்கும் ஒலி தெளிவாகக் கேட்டது. திரையிலோ ஒரு வாரம் முழுவதும் பொருளற்ற எழுத்துகளே ஓடின. எனக்கு வழிகாட்டிய மூத்த ஹாம் ஒருவரிடம் முறையிட்டபோது, "தம்பி, எந்த சைட்பேண்டில் கேட்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். சைட்பேண்ட் என்பது அலையின் மையத்துக்கு மேலோ கீழோ உள்ள பக்கம். எஃப்டி8 பழக்கத்தில் மேல் சைட்பேண்டிலேயே விட்டிருந்தேன். ரிட்டியின் 2125, 2295 ஹெர்ட்ஸ் தொனிகளைக் கீழ் சைட்பேண்டில் பயன்படுத்துவதே வழக்கம். மேலே வைத்தால் இரண்டும் இடம் மாறி, ஒவ்வொரு எழுத்தும் தலைகீழாகிவிடும். பொத்தானை மாற்றிய நொடியே வரிகள் உருப்பெற்றன.

அனுப்பும் பக்கத்தில் நான் செய்த தவறு இதைவிடப் பெரியது. பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி உண்டு. ரிட்டியில் விசையை விடும்வரை முழு ஆற்றலும் இடைவிடாமல் வெளியேறுகிறது. நானோ 100 வாட்டில், சவுண்ட் கார்டின் ஒலியையும் கூட்டி வைத்து, ஒலி மிகும்போது வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் சுற்றைக் காட்டும் ஏஎல்சி முள் மேலேறுவதைப் பொருட்படுத்தாமல் அனுப்பிக் கொண்டிருந்தேன். டிரான்சீவரின் பின்புறம் கை வைக்க முடியாதபடி சுட்டது; என் அலை பக்கத்து நிலையங்கள்மேல் வழிகிறது என்றும் செய்தி வந்தது. அன்றிலிருந்து 40 வாட், ஏஎல்சி முள் அசையாத அளவுக்கு ஒலி. இந்த மாற்றத்தால் நான் இழந்த தொடர்பு எதுவும் நினைவில் இல்லை.

என்னை மிகவும் ஈர்த்தது இதன் குறியீடு. ஓர் எழுத்துக்கு ஐந்து துடிப்புகள், விநாடிக்கு 45.45 துடிப்புகள், அதாவது 45.45 பாட் வேகத்தில் ஒவ்வொன்றும் 22 மில்லி விநாடி. ஐந்து துடிப்புகளில் 32 சேர்க்கைகளே கிடைக்கும். எழுத்துகளுக்கும் எண்களுக்கும் அது போதாது. ஆகவே ஒரே சேர்க்கை இரண்டையும் குறிக்க, 'இனி எண்கள்' என்று அறிவிக்கும் தனிக் குறி ஒன்று முன்னால் செல்கிறது. மின்னல் இரைச்சல் அந்த ஒரு குறியைத் தின்றுவிட்டால், சமிக்ஞை நன்றாகக் கேட்கிறது என்று சொல்லும் 599 என்பது 'டி ஓ ஓ' என்று அச்சாகும். நிலையங்கள் தங்கள் மண்டல எண்ணைப் பரிமாறிக்கொள்ளும் செப்டம்பர் மாத ரிட்டி போட்டியில் எங்கள் மண்டல எண்ணான 38 'ஈ ஐ' ஆகிவிடும். முதல் ஆண்டு இதை அறியாமல் பலரிடம் மறுபடி மறுபடி அனுப்பச் சொன்னேன். இப்போது விசைப்பலகையின் மேல் வரிசையைப் பார்த்தாலே எண் தெரிந்துவிடுகிறது, ஏனெனில் ஒவ்வோர் எண்ணும் தனக்குக் கீழுள்ள எழுத்தாகத்தான் மாறுகிறது. என் போட்டிச் செய்தியில் 599க்கும் 38க்கும் இடையே இருந்த சிறுகோட்டை நீக்கி, வெற்றிடம் விட்டேன். வெற்றிடத்துக்குப் பின் மென்பொருள் எண் குறியை மீண்டும் அனுப்புவதால், முதல் பாதி சிதைந்தாலும் மறுபாதி பிழைத்துக்கொள்கிறது.

கோடைக்கால மாலைகளில் இடிமழை திரளும்போது 40 மீட்டர் அலைநீளப் பேண்டை நான் தொடுவதே இல்லை. மின்வெட்டு மிகுந்திருந்த நாள்களில், தெரு முழுவதும் சார்ஜர்களும் எல்இடி விளக்குகளும் ஓய்ந்து இரைச்சல் அடங்கிவிடும். அப்போது 12 வோல்ட் பேட்டரியில் கேட்ட மெல்லிய நிலையங்கள் பிறகு என் காதில் விழவில்லை.

அப்படியோர் இரவில், 15 மீட்டர் பேண்டில் தமிழ்நாட்டு நிலையம் ஒன்று என் அழைப்புக்குப் பதிலளித்தது. இந்தக் குறியீட்டில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. ரோமன் பெரிய எழுத்துகளில் 'வணக்கம்' என்று தட்டினேன். சில விநாடிகள் தொனி மட்டும் ஒலித்தது. பிறகு, ஆயத்தச் செய்திகளை ஒதுக்கிவிட்டு அவர் கைப்படத் தட்டுவது எழுத்துக்கு எழுத்து தெரியும்படி, 'வணக்கம் அண்ணா, எந்த ஊர்' என்று திரையில் மெதுவாக வந்தது.