இந்தோ-ஐரோப்பிய வேர்ச்சொல் அகராதி: ஒரு மதிப்புரை

சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன், ஆங்கிலம் முதலியவற்றின் பொது மூலமொழியான இந்தோ-ஐரோப்பியத்தின் வேர்களைத் திரட்டி, மொழியியலாளர் கால்வர்ட் வாட்கின்ஸ் தொகுத்த அமெரிக்கன் ஹெரிட்டேஜ் இந்தோ-ஐரோப்பிய வேர்ச்சொல் அகராதி, 1969இல் வெளியான பேரகராதி ஒன்றின் பின்னிணைப்பாகத் தொடங்கி, 1985இல் தனி நூலாகி, 2011இல் மூன்றாம் பதிப்பைக் கண்டது. இதன் தரத்தை அறிய, ‘காணுதல்’ எனப் பொருள்படும் ‘*வெய்த்-’ என்ற ஒரு பதிவே போதும். இலத்தீன் வழியே ஆங்கிலத்துக்கு வந்த விஷன் (பார்வை), விசா. கிரேக்கம் வழியே ஐடியா, ஹிஸ்டரி. ஆங்கிலம் சார்ந்த ஜெர்மானியக் கிளையில் வைஸ் (அறிவுள்ள), விட் (அறிவுக்கூர்மை). சமஸ்கிருதத்தில் வேதம் என ஒரே வேரின் கிளைகள் அங்கே விரிகின்றன. உயிரெழுத்து மாறும் நிலைகளின்படி பதிவு பகுக்கப்பட்டிருப்பதால், ‘கண்டிருக்கிறேன்’ என்ற பொருளுடைய பழைய வினைவடிவம் ‘அறிவேன்’ எனத் திரிந்து, கிரேக்கத்தில் ‘ஒய்த’ என்றும் சமஸ்கிருதத்தில் ‘வேத’ என்றும் நிலைத்ததைப் பொறுமையுள்ள வாசகர் தாமே தொடர்ந்து காணலாம். உடுக்குறி (*) இட்ட வடிவங்கள் எந்த ஏட்டிலும் காணப்படாதவை, ஒப்பீட்டால் மீட்டமைக்கப்பட்டவை என்பதை மட்டும் மறக்கலாகாது.

குறையும் உண்டு: ஆங்கிலத்தில் வழித்தோன்றல் இல்லாத வேர்களுக்கு இதில் இடமில்லை. எனவே வித்தை, வித்துவான் போன்று தமிழுக்கு வந்த வடசொற்களின் மூலத்தை முழுமையாகத் தேடுவோர் இதனுடன் ஒரு சமஸ்கிருதச் சொற்பிறப்பியல் அகராதியையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலச் சொல்வரலாற்றில் நாட்டமுடையவர்கள் தயங்காமல் வாங்கலாம்.