பவர் இருக்கிறது, பார்ட்டி எங்கே?

"எல்லாம் சரி சார், ஆனா பார்ட்டி நேர்ல வரணும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். பார்ட்டி நேரில் வர முடியாததால்தானே, அவர் சார்பில் இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதி, பதிவும் செய்து, கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம்!

பார்ட்டி என்றால் என் அக்கா. புதுச்சேரியில் வீடு சுத்தம் செய்து தரும் தொழில் நடத்துகிறாள். கடற்கரைப் பக்கத்து ஹோம்ஸ்டேக்கள், லாஸ்பேட்டை அடுக்குமாடிகள், என்னைப்போல வெளிநாட்டில் இருப்பவர்கள் பூட்டிவைத்திருக்கும் வீடுகள். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில் பக்கமிருந்து காலை பஸ்ஸில் வரும் பெண்கள்தான் அவளுடைய பலம். மாடிப்படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து அக்கா படுத்துவிட, தொழிலும் கூடவே படுக்கப் பார்த்தது. எல்லாம் அவள் ஒருத்தி பேரில் இருக்கிறது. கரண்ட் அக்கவுண்டுக்கு அவள் கையெழுத்து, ஓடிபி வருவது அவள் போனுக்கு. வலி மாத்திரை போட்டுத் தூங்குபவளை எழுப்பி நம்பர் கேட்டுத்தான் சம்பளம் போட வேண்டுமா?

அதனால் அக்கா மகள் பேரில் பவர். படுக்கையில் இருப்பவர்களுக்காக அதிகாரி வீட்டுக்கே வந்து பார்க்கலாம் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழியில் அது முடிந்துவிட்டது. பாரிஸ் புறநகரில் ஒரு கையெழுத்துக்கு மாதக்கணக்கில் ரான்தேவு, அதாவது சந்திக்க நேரம், கேட்டுக் காத்திருப்பவனுக்கு, அரசாங்கம் வீடு தேடி வந்தது கனவு மாதிரி இருந்தது.

கனவைக் கலைத்தது வங்கி. "இதுல எங்க பேங்க் பேரு இல்லையே?" எல்லா வங்கிக் கணக்குகளும் என்று எழுதியிருக்கிறதே, படியுங்கள் என்றேன். படித்தார். லீகலுக்கு அனுப்ப வேண்டும் என்றார். சரி, அனுப்புங்கள். அப்படியென்றால் ஒரிஜினலை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். அதற்கு மட்டும் அக்கா மகள் அசையவில்லை. "சார், ஒரிஜினலைப் பார்த்துக்கோங்க, காப்பியில நான் சைன் போட்டுத் தரேன்" என்று நின்றாள். மேனேஜர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். அப்புறம் மீட்டிங். அந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்த மின்விசிறி எங்கள் பள்ளிக்கூடக் காலத்தில் சுற்றியதாகத்தான் இருக்க வேண்டும். பிரான்சில் மட்டும் என்ன வாழ்கிறது, அங்கேயும் வங்கிக்கு அதனுடைய சொந்தப் படிவம்தான் வேண்டும், நியாயமாகச் சொல்கிறேன். ஆனால் அதை முதல் நிமிடத்திலேயே எடுத்து நீட்டிவிடுவார்கள். இங்கே அப்படி ஒரு படிவம் இருக்கிற விஷயமே, மேனேஜர் வந்து இழுப்பறையைத் திறந்த பிறகுதான் கவுண்டருக்குத் தெரிந்தது. அக்காவின் கையெழுத்தை வீட்டிலேயே வாங்கிக்கொள்ள அவர் ஓர் ஊழியரை அனுப்பிவைத்தார். இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியிருக்காது.

இதற்கு நேர்மாறு பத்திரம் எழுதிக் கொடுத்த பெரியவர். பவர் என்றாலே வீட்டை விற்கக் கொடுப்பது என்று ஊரில் ஒரு பயம் உண்டே, அதை மனதில் வைத்து எழுதியிருந்தார். சம்பளம் கொடுக்க, பாக்கி வசூலிக்க, வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் போட, வங்கிக் கணக்கை நடத்த அதிகாரம் உண்டு. கடன் வாங்கவோ எதையும் அடகு வைக்கவோ இல்லை. மாதாமாதம் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் ஒரு வரி. எழுதி முடித்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார்: "ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க தம்பி. அம்மா சுயநினைவோட இருக்கிற வரைக்கும்தான் இது செல்லும்."

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. கொடுத்தவர் இறந்தாலோ புத்தி சுவாதீனம் இழந்தாலோ அதிகாரமும் போய்விடும். பிரான்சில் 2007இல் சட்டம் போட்டு, நினைவு தப்பிய பிறகு யார் பார்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2009 முதல் வழி செய்துவிட்டார்கள். எனக்கு இதுதான் உறுத்துகிறது. உடம்பு முடியாமல் போனால் பத்திரம் காப்பாற்றும். நினைவு முடியாமல் போனால், அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது வெறும் காகிதம். தொழிலைக் காப்பாற்ற வேண்டுமானால் மகளைப் பங்குதாரராகவே சேர்த்துக் கணக்கில் அவள் கையெழுத்தையும் ஏற்றிவிடு என்று அக்காவிடம் சொன்னேன்.

"நான் எழுந்து நடந்தாச்சுன்னா பவரையே ரத்து பண்ணிடலாம்னு இருக்கேன், நீ பங்கு பத்திப் பேசற" என்றாள்.

ரத்து செய்தாலும் சும்மா கிழித்துப் போட்டால் போதாது. வங்கிக்கும் வாடிக்கையாளர்களுக்கும் தெரிவிக்காதவரை, பழைய பவரை நம்பி அவர்கள் கொடுத்ததும் வாங்கியதும் அவளையே கட்டுப்படுத்தும் என்றேன். மறுபடியும் அதே கவுண்டரா என்று கேட்டாள். ஆமாம், ஆனால் இந்த முறை பார்ட்டி நேரில் போகலாம்.