எக்ஸ்அரே: திருவாரூருக்கும் நாகைக்கும் ஒரே மழை

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் வடகிழக்குப் பருவமழைக் கணக்கைத் தனித்தனியே தரும்படி எங்கள் பகுதி உழவர் குழு கேட்டபோது, நாட்டைக் கால் பாகை இடைவெளிக் கட்டங்களாகப் பிரித்துத் தரும் இந்திய வானிலைத் துறையின் மழைத் தரவை, பைத்தான் நிரல்மொழியில் இத்தகைய கட்டத் தரவைக் கையாளும் எக்ஸ்அரே என்ற நிரல் நூலகத்தின் வழியாகத் திறந்து, இரண்டு ஊர்களின் ஆயத்தொலைவுகளையும் கொடுத்தேன். வந்த இரண்டு பட்டியல்களிலும் ஓர் எண்கூட வேறுபடவில்லை. ஒரே வரியை இருமுறை ஒட்டிவிட்டேனோ என்று அரை மணி நேரம் தேடினேன். திருவாரூர் 79.64 பாகைத் தீர்க்கரேகையிலும் நாகை 79.84 பாகையிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் அருகிலுள்ள கட்டப்புள்ளி 79.75தான். ‘நியரஸ்ட்’, அதாவது மிக அருகிலுள்ள புள்ளி, என்று கேட்டவன் நான். நூலகம் கேட்டதைச் செய்தது.

2014இல் வெளிவந்து, 2016 வரை எக்ஸ்ரே என்ற பெயரில் வழங்கிய இந்த நூலகத்தை மூன்று பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். முன்பு எண் வரிசைகளைக் கையாளும் நம்பை என்ற நூலகத்தில் நாகைக்கான கட்டத்தை எடுக்க, 6.5 பாகையில் தொடங்கும் அட்சரேகை வரிசையில் 17, 66.5 பாகையில் தொடங்கும் தீர்க்கரேகை வரிசையில் 53 என்று விரல்விட்டு எண்ணி எழுத வேண்டியிருந்தது. ஒன்று தவறினால் மழை கடலுக்குப் போய்விடும். எக்ஸ்அரேயில் 10.75, 79.75 என்று இடத்தின் பெயராலேயே கேட்கலாம். இடத்தைச் சேமிக்க முழு எண்களாகச் சுருக்கி வைக்கப்பட்ட நெட்சிடிஎஃப் (வானிலைத் தரவுக்கான கோப்பு வடிவம்) கோப்புகளைத் திறக்கும்போது, கோப்பிலேயே எழுதியிருக்கும் பெருக்கெண்ணையும் கூட்டெண்ணையும் அதுவே பயன்படுத்தி உண்மையான அளவைத் தருகிறது. தரவு இல்லாத இடத்தைக் குறிக்கும் -999 போன்ற எண்களையும், கோப்பு அவற்றை முறையாக அறிவித்திருந்தால், வெற்று மதிப்பாக மாற்றிவிடுகிறது. கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல் தேவைப்படும் பகுதியை மட்டும் படிப்பதால், என் பழைய மடிக்கணினியிலும் வேலை நடக்கிறது.

குறை என்று நான் சொல்வது அதன் மௌனத்தைத்தான். அட்சரேகை 10.25 முதல் 11.25 வரை, தீர்க்கரேகை 79 முதல் 80 வரை 25 கட்டங்களை எடுத்து, பருவ மொத்தத்தைக் கூட்டிச் சராசரி கண்டேன். 80 பாகையில் உள்ள ஐந்து கட்டங்களும் கடலில் விழுவதால் அவற்றில் தரவு கிடையாது. ஆனால் எக்ஸ்அரேயின் கூட்டல் வெற்று மதிப்புகளைத் தவிர்த்துவிட்டுக் கூட்டுவது. எல்லா நாளும் வெற்றாக இருக்கும் கட்டத்துக்கு அது பூஜ்யம் என்று விடை தருகிறது. தரவில்லாத கடல் மழையில்லாத நிலமாகிவிட, டெல்டாவின் சராசரி குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. சம்பாப் பயிர் தண்ணீரில் நின்ற வயல்களைக் கண்ணால் பார்த்திருந்ததால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. கூட்டுவதற்குக் குறைந்தது எத்தனை மதிப்புகள் வேண்டும் என்று சொல்லும் ‘மின்_கவுண்ட்’ என்பதற்கு 1 என்று கொடுத்தால் கடல் மறுபடி வெற்றாகும். ஆவணத்தில் இது எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. நான்தான் பிறகு படித்தேன்.

ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையம் கடந்தகால வானிலையைக் கணினியில் மீளக் கணித்துத் தரும் ஈஆர்ஏ5 தரவில் அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக இறங்குகிறது. அதில் 10 முதல் 11.5 வரை என்று கேட்டால் பிழைச் செய்தி வராது, காலித் தொகுதிதான் வரும், 11.5 முதல் 10 வரை என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

நேரம் இதைவிட நுட்பமான விஷயம். கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு கடந்து நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. நம் வானிலைத் துறைக்கு மழைநாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, ஆகவே அந்த இரவின் மழை 16ஆம் தேதிக் கணக்கில் சேரும். உலக நேரத்தில் பதிவாகும் ஈஆர்ஏ5இன் மணிநேர மழையை எக்ஸ்அரேயில் அப்படியே நாள்வாரியாகக் கூட்டினால், அதே மழை 15ஆம் தேதிக்குப் போய்விடுகிறது. நம் காலை 8.30 உலக நேரத்தில் 3 மணி என்பதால், மூன்று மணி நேரம் தள்ளி நாளைத் தொடங்கி, முடியும் தேதியைப் பெயராக இடச் சொன்னால்தான் இரண்டு கணக்குகளும் ஒரே இரவைப் பேசும். மீட்டரில் இருப்பதை மில்லிமீட்டராக்குவதும் நம் பொறுப்பே.

இத்தனைக்குப் பிறகும் இதைத்தான் பரிந்துரைப்பேன். கட்டணம் கிடையாது, நெட்சிடிஎஃப் கோப்புகளைப் படிக்கும் துணைத் தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டும் என்பதை மட்டும் புதியவர்கள் மறக்கக் கூடாது. ஊரின் ஆயத்தொலைவை வைத்துக் கேட்பவர்கள், கட்டப்புள்ளி எவ்வளவு தூரம் வரை விலகியிருக்கலாம் என்று சொல்லும் ‘டாலரன்ஸ்’ அளவையும் கொடுத்துவிடுவது நல்லது. 0.1 பாகை என்று கொடுத்துப் பார்த்தேன். நாகைக்கு விடை வந்தது, திருவாரூருக்குப் பிழைச் செய்தி வந்தது. குழுவுக்கு இப்போது தரும் அட்டவணையில் அந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரே வரிதான். பக்கத்தில் கட்டப்புள்ளியின் ஆயத்தொலைவை எழுதியிருக்கிறேன்.