பெயரா, எண்ணா: ட்ரையம்ப், நார்ட்டன், பிஎஸ்ஏ

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளை விலைபேசப் போகிறவர்கள், பெட்ரோல் டேங்கில் மின்னும் பெயரைவிட எஞ்சினில் பொறித்த எழுத்தையும் எண்ணையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்று பெரிய நிறுவனங்களும் மூன்று விதமாகப் பெயர் வைத்தன. எந்த முறை வண்டியைப் பற்றி உண்மை பேசுகிறது என்பதே என் கேள்வி.

மயக்கும் பெயர்கள் ட்ரையம்பினுடையவை. 1936இல் வந்த டைகர் 70, 80, 90 மூன்றும் முறையே 250, 350, 500 சிசி. புல்லட் 350 என்றால் 350 சிசி என்று பழகிய நமக்கு இது முதலில் குழப்பும். அந்த எண்கள் மணிக்கு இத்தனை மைல் என்று ஆசை காட்டியவை. அதே வரிசையில் 1959இல் வந்தது டி120 பொன்வில். அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள பொன்வில் உப்புச் சமவெளியில் 1956இல் ஜானி ஆலன், ட்ரையம்ப் எஞ்சின் பூட்டிய நீண்ட கூண்டு வண்டியில் மணிக்கு 214 மைலைத் தொட்டார். சர்வதேச மோட்டார் சைக்கிள் பந்தய அமைப்பான எஃப்ஐஎம் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. ட்ரையம்போ அந்த இடத்தின் பெயரையே வண்டிக்குச் சூட்டியது. 1973இல் வந்த 750 சிசி டி140, மணிக்கு 140 மைலை நெருங்கக்கூட இல்லை. அதற்குள் எண் வெறும் எண்ணாகிவிட்டது. ஆனால் அதன் பின்னால் வரும் எழுத்து பொய் சொல்லாது: டி140வி என்பதில் உள்ள ‘வி’ ரோமன் எண் ஐந்து, அதாவது ஐந்து கியர்.

பொன்விலுக்கு உண்மையான போட்டி வீட்டுக்குள்ளேயே இருந்தது. டிஆர்6 டிராஃபியிலும் அதே 650 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின்தான். பொன்விலுக்கு இரண்டு கார்புரேட்டர், டிராஃபிக்கு ஒன்று. தினமும் ஓட்டப்போகிறவருக்கு நான் டிராஃபியைத்தான் சொல்வேன். இரண்டு கார்புரேட்டரையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது ஓயாத வேலை. அதற்குக் கிடைக்கும் பலன் உச்ச வேகத்தில் மட்டும்தான். ஆனாலும் விலை பொன்விலுக்கே அதிகம் என்பதால், டிராஃபியின் சிலிண்டர் ஹெட்டை மாற்றிப் பொன்விலாக்கி விற்பவர்கள் உண்டு. இடப்பக்கம் சிலிண்டருக்குக் கீழே, எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் பொறித்திருப்பது டி120ஆ, டிஆர்6ஆ என்று பாருங்கள். 1960களின் இறுதியிலிருந்து அந்த இடத்தில் பொடிப்பொடியாக ட்ரையம்ப் முத்திரைகளை வரிசையாக அடித்து, அவற்றின் மேல்தான் எண்ணைப் பதித்தார்கள். யாராவது அரம் போட்டிருந்தால் அந்தப் பொடி எழுத்துகள் காணாமல் போயிருக்கும். விரல் நுனியால் தடவினாலே தெரிந்துவிடும்.

நார்ட்டனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாமினேட்டர் 88, 99 என்ற எண்கள் சிசியையும் சொல்லவில்லை, வேகத்தையும் சொல்லவில்லை. 1967இல் அறிமுகமான கமாண்டோவில் ஃபாஸ்ட்பேக், ரோட்ஸ்டர், இன்டர்ஸ்டேட் என்று பெயர்கள் பெருகின. பெரும்பாலும் அவை டேங்க், சீட் ஆகியவற்றின் வேறுபாடுகள். இன்டர்ஸ்டேட் என்றால் நெடும்பயணத்துக்கான பெரிய டேங்க். 850 என்று விற்றதன் உண்மை அளவு 828 சிசி.

என் ஓட்டு பிஎஸ்ஏவுக்கு. ஏ என்றால் இரட்டை சிலிண்டர், பி என்றால் ஒற்றை சிலிண்டர், டி என்றால் பேன்டம் என்ற குட்டி வண்டி. ஏ7 என்பது 500 சிசி, ஏ10 என்பது 650 சிசி என்று மனப்பாடம்தான் செய்ய வேண்டும். அது ஒரு குறை. ஆனால் கோல்ட் ஸ்டார் என்ற வேகமான ஒற்றை சிலிண்டர் வண்டியில் அந்த முறை மெருகேறியது. 32 என்றால் 350 சிசி, 34 என்றால் 500 சிசி. முன்னால் வரும் இசட்பி, பிபி, சிபி, டிபி, டிபிடி ஆகிய எழுத்துகள் வண்டி எந்தக் கட்டத்தில் பிறந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடும். டிபிடி34 என்ற ஐந்தே குறிகளில் ஒரு வண்டியின் முழு ஜாதகமும் இருக்கிறது. நெருக்கமான கியர் விகிதத்தால் முதல் கியரிலேயே மணிக்கு 60 மைலைத் தாண்டும் வண்டி அது.

போலி இங்கேயும் உண்டு. 1962, 63இல் மட்டும் வந்த ராக்கெட் கோல்ட் ஸ்டார், ஏ10 எஞ்சினை கோல்ட் ஸ்டார் பாணி சேஸிஸில் வைத்த வண்டி. சாதாரண ஏ10ஐ அதைப்போல ஒப்பனை செய்வது எளிது. சேஸிஸ் எண் ‘ஜிஏ10’ என்று தொடங்காவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏ10இன் விலையை மட்டும் கொடுங்கள்.