வட்டாரப் பன்னாட்டு உறவுகள் முதுகலை: படித்தவனின் மதிப்பீடு

இந்த இரண்டாண்டுப் படிப்பில் எனக்கு மிகவும் பயன்பட்டது வட்டார அமைப்புகளை ஒப்பிடும் தாள்தான். 1967-இல் ஐந்து நாடுகளுடன் பாங்காக்கில் தொடங்கிய தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், கலந்துபேசி ஒத்த கருத்தை எட்டும் வழக்கத்தால் மெல்ல நகர்வதையும், 1985-இல் டாக்காவில் பிறந்த தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க், இருதரப்புப் பூசல்களை விவாதிப்பதில்லை என்று தன் சாசனத்தின் 10-ஆம் பிரிவிலேயே எழுதிவைத்துக்கொண்டதையும், மூல ஆவணங்களை வரிவரியாகப் படிக்கவைத்தே பேராசிரியர் புரியவைத்தார். அந்தச் சிறிய பிரிவுக்கே மூன்று வகுப்புகள் ஆயின, சலிக்கவில்லை. கோட்பாட்டுத் தாள் பரவாயில்லை.

பெருங்குறை மொழிப் பயிற்சிதான்: ஒரு வட்டாரத்தை ஆழ்ந்து ஆய்வதாகச் சொல்லிவிட்டு, அங்குள்ள மொழியை ஒரே பருவத்தில், எழுத்துகளை அறிமுகப்படுத்தியதோடு முடித்துவிட்டார்கள். ஆய்வேட்டுக்கு நான் மொழிபெயர்ப்புகளையே நம்ப வேண்டியிருந்தது. கட்டணம் செலுத்துமுன், மொழிக்கு எத்தனை பருவங்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.